படுக்க மறுத்த குதிரை

மழைக்காலத் தொடக்கத்தில்தான் அந்தச் சாம்பல் நிறக் குதிரை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தது. சவாரிப் பள்ளியை மூடிவிட்டு வெளியூர் கிளம்பிய மைத்துனர், கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"சாதுவான பொண்ணு மச்சான். ஏத்திட்டு வந்த லாரி ஒரு தடவை கவிழ்ந்துடுச்சு. அதுலேர்ந்து கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கா."

வீட்டின் பின்னால் இருந்த கார் கொட்டகையில் வைக்கோல் பரப்பி இடம் கொடுத்தார். கேரட்டை நாசூக்காக வாங்கித் தின்றது. பிடரி மயிரைச் சீவினால் பேசாமல் நின்றது. எல்லாம் விருந்துக்கு வந்தவள் மாதிரி ஒரு மரியாதை. ஆனால் படுக்கவே இல்லை. நின்றபடியே கண் சொக்கும்; முன்னங்கால்கள் மெல்ல மடங்கும்; முழங்கால் தரையில் உரசியதும் திடுக்கிட்டு நிமிரும். முழங்காலெல்லாம் சிராய்ப்பு.

வந்து பார்த்த கால்நடை டாக்டரம்மா, "காலுக்கு மருந்து தர்றேன். ஆனா தூக்கமில்லாததுதான் இவ வியாதி. நல்லாத் தூங்கணும்னா குதிரை படுத்தாகணும். கூட்டத்துல இருந்தா ஒண்ணு காவல் நிக்கும், மத்தது நம்பிப் படுக்கும். இவளுக்கு யாரு இருக்கா?" என்றார்.

அதன்பிறகு மதியம் கடையைச் சாத்திவிட்டு அவரே கொட்டகையில் போய் நின்றார். தூறல் விழுந்துகொண்டே இருக்கும். அவர் வைத்த கண் வாங்காமல் குதிரையைப் பார்ப்பார். குதிரையும் அவரைப் பார்க்கும். வாரங்கள் இப்படியே கரைந்தன.

ஒருநாள் தேநீர் கொண்டுவந்த மனைவி இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி அவ மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறீங்க? காவக்காரன் வாசலைப் பாக்காம வீட்டுக்குள்ளயா எட்டிப் பாப்பான்?"

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் குதிரைக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து நின்றார். மழைப்புகையில் வயல்வெளி கரைந்து, மரங்கள் மிதப்பது போலத் தெரிந்தன. எங்கோ ஒரு நாய் குரைத்தது. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தார். பிறகு அமைதி. தான் நிற்கிறோமா கனவு காண்கிறோமா என்றே அவருக்குப் புரியவில்லை.

பின்னால் நீண்ட பெருமூச்சு. வைக்கோல் நொறுங்கும் சத்தம். தொப்பென்று ஒரு பாரம் தரையில் இறங்கியது.

அவர் திரும்பவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

கோப்பையோடு வந்த மனைவியை, உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார். அவள் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தாள்:

"காலெல்லாம் ஆடுதுங்க. கனவுல ஓடுறா. பயந்துட்டாளோ?"

"காது எப்படி இருக்கு?"

"தளர்ந்து கிடக்கு."

"அப்ப பயமில்ல. சும்மா ஓடுறா."

அவளும் வந்து அவர் பக்கத்தில் நின்று, மழையைப் பார்க்கத் தொடங்கினாள். உள்ளே குதிரை மெல்லக் குறட்டை விட்டது.