லங்காவிக்குச் சும்மா போனவள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை, ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகிற ஆட்டோ. பின்சீட்டில் நசுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி போனில் யாரிடமோ அங்கலாய்த்துக்கொண்டு வந்தார்.

"முப்பிடாதி மலேசியா போறாளாம்டி. தனியா. இன்னாத்துக்குடின்னு கேட்டா சும்மாங்கிறா. இன்னா சொல்றது, சொல்லு!"

அவர் இறங்கிப் போய்விட்டார். அந்த வரி இறங்கவில்லை.

(அவருக்கு அற்புதமேரி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். கழுத்தில் சிலுவை போட்ட செயின் பார்த்தேன். அடையாளம் தெரிந்தவர்கள் அவரிடம் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.)

2

முதல் ஆரம்பம்: 'வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் இரும்புக் கூரைகளுக்கு மேலே ஒரு பறவை தன் சிறகை' –

ஐயோ, வேண்டாம். மானம் போகும்.

இரண்டாவது: 'சிறந்த தொழிலாளிக்கான பரிசாகக் கம்பெனி முப்பிடாதியை மலேசியாவுக்கு அனுப்பியது.'

மூன்றாவது: 'பினாங்கில் வாக்கப்பட்டிருந்த அக்காவைப் பார்க்க முப்பிடாதி' –

இந்த இடத்தில்தான் என் கை செய்கிற வேலையைக் கவனித்தேன். அவள் கையில் ஒரு காரணத்தைத் திணித்துக்கொண்டே இருக்கிறது! மேனேஜர் ஒருவர் குடும்பத்தோடு பாலித்தீவு போனால் "நல்லா என்ஜாய் பண்ணுங்க சார்" என்கிறோம். கார் சீட்டுக்கு உறை தைக்கிற பெண் கடல் தாண்டினால் மட்டும் எந்த ஏஜென்ட், என்ன வேலை, யாரோடு என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும்தான். எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, அந்த வயிற்றெரிச்சலும் இருந்திருக்கலாம்.

ஆகவே நாலாவது ஆரம்பம்: அவள் சும்மா போகிறாள்.

3

முப்பிடாதிக்குச் சங்கரன்கோவில் பக்கம். வல்லம் வடகாலில் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் தையல் லைன். ரயில் ஏறியிருக்கிறாள், கல்யாணம், சாவு, கோயில் கொடை, இந்த வேலை என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கூப்பிட்டு ஏறியது. மலேசியாவில் இருக்கிற லங்காவித் தீவுக்கு யாரும் கூப்பிடவில்லை. போனில் பார்த்தாள். பச்சைத் தண்ணீர், மலைக்கு மேலே தொங்கிப் போகிற கேபிள் கார். போகணும்போல இருந்தது. அவ்வளவுதான்.

[இங்கே ஒரு பக்கம் அவளுடைய ஏழ்மையைப் பற்றி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் கேட்கவில்லை.]

சிக்கல் லீவில் வந்தது. அந்த லைனில் ஒரு முறை உண்டு. பாத்ரூம் போகணும் என்றால்கூடக் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்கலாம். போனவள் திரும்பி வந்து தோளைத் தொட்டால்தான் ரிலீவர் எழுந்திருப்பாள். லைன் நிற்கக் கூடாது. அந்த ரிலீவர்தான் நம்முடைய அற்புதமேரி.

கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் கேட்டார்.

"ஏன்டி, நெசமாவே போறியா?"

"போறேங்க்கா. நீங்க என் மிஷின்ல உக்காந்தீங்கன்னா போவேன்."

"நான் பாட்டுக்கு உன் எடத்துல குந்திக்கினா மத்தவளுங்க பாத்ரூம் போறப்போ யாரு குந்துறது?"

இதற்குப் பதில் சொன்னது பக்கத்து மேசையில் இருந்த சூப்பர்வைசர் நரசிம்மன். "நான் உக்கார்றேன், விடுங்க. எனக்கும் தைக்கத் தெரியும்."

(தெரியாது. அந்த வாரம் அவர் தைத்ததையெல்லாம் பெண்கள் பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள். முணுமுணுத்தார்கள், ஆனால் மேலிடத்துக்கு ஒருத்தியும் மூச்சு விடவில்லை.)

அற்புதமேரிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ஏர்போர்ட்ல கேப்பான்டி. சும்மான்னு சொல்லி வைக்காத, அனுப்ப மாட்டான். பத்துமலை முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லு. சர்ச்சுக்குப் போற நானே சொல்றேன் பாரு."

"அங்கன போகலியேக்கா. பொய் சொன்னா முருகன் கோவிச்சுக்கிடுவாரு."

"நம்ம வல்லக்கோட்டைலயும் அதே முருகன்தான கீறாரு? வந்து மன்னிப்பு கேட்டுக்க!"

4

விமான நிலையம். இமிக்ரேஷன் கவுன்டர். அதிகாரி புத்தம்புது பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் வெள்ளை.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"தையல் லைன் சார். வல்லம் வடகால்ல."

"கூட யாரு?"

"தனியாத்தான் சார்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அங்க வேலைக்கு யாராவது வரச் சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏமாற்றி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேரை அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தவர். திரும்பி வர டிக்கெட் இருக்கிறது என்று முப்பிடாதி காட்டினாள். எல்லாரும் அதைக் காட்டுவாங்கம்மா என்றார். பின்னால் வரிசை நெளிந்தது. இங்கிருந்து திருப்பி அனுப்பினால் இனிமேல் ஜென்மத்துக்கும் இப்படி ஒரு லீவு கேட்க வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

'கோயிலுக்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் முடிந்தது. ஆனால் சொல்லிவிட்டால் இதுவும் கோயிலுக்குப் போன பயணம் ஆகிவிடும். விழுங்கினாள்.

"சும்மாதான் சார் போறேன். பாக்கணும்போல இருந்துச்சு."

"திரும்பி வருவீங்கன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

[இந்த இடத்தில் நான் நாள்கணக்கில் நின்றேன். என்ன சொல்ல வைத்தாலும் வசனமாக இருந்தது. கடைசியில் அவளிடமே விட்டேன்.]

"என் மிஷின்ல அற்புதமேரியக்கா உக்காந்திருக்காவ சார். நான் போயித் தொட்டாத்தான் அவுக எந்திரிக்க முடியும். அவுகளுக்கு மூட்டுவலி வேற. வராம எப்படி இருப்பேன்?"

அதிகாரி நிமிர்ந்தார். "என்னது, எந்திரிக்கவே முடியாதா?"

ரிலீவர் முறையை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"இங்க மட்டும் என்ன வாழுதாம்? மாத்திவிட ஆள் வராம நானும்தான் டீக்குக்கூட எந்திரிக்க முடியாம உக்காந்திருக்கேன்."

முத்திரை குத்தினார். "போயிட்டு வாம்மா. அந்தக்கா பாவம், சொன்ன தேதிக்கு வந்துடு."

"ரொம்ப நன்றி சார்," என்றாள். அவருக்கு மட்டும் சொன்ன நன்றி இல்லை அது. கோணல் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும் அத்தனை பெண்களும், ஊசியில் நூல் கோக்கத் திணறும் நரசிம்மனும் கண் முன்னால் வந்தார்கள். அவள் கண்ணில் நீர் –

இல்லை, வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. எனக்குத்தான் எழுதும்போது கண் கலங்கியது.

5

முடிவுக்கு வருகிறேன். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

அ. லங்காவியில் அவளுடைய பை தொலைகிறது. படிப்பினை.

ஆ. கடற்கரையில் ஒரு நல்ல பையன் வருகிறான். கல்யாணம்.

இ. கேபிள் காரில் மேலே போகிறாள். அழகைப் பார்த்ததும் அம்மா நினைப்பு வந்து, தனியாக வந்தது தப்பு என்று –

மூன்றையும் கிழித்தேன். அதிகாரி சில நிமிடங்களில் அவளை விட்டுவிட்டார். நான்தான் இன்னும் கவுன்டரில் மடக்கிவைத்து எதற்கு வந்தாய், எதற்கு வந்தாய் என்று நச்சரிக்கிறேன். தனியாகப் போன பெண்ணுக்கு ஏதாவது ஆகியே தீரவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

அதனால் லங்காவியில் இதுதான் நடக்கிறது. சாயங்காலம். முப்பிடாதி வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள். கணுக்கால் நனைகிற தண்ணீரில் கரையோரமாக நடக்கிறாள். உட்கார்ந்தே தைத்த கால்கள், நடக்க நடக்க அவளுக்குப் பிடிக்கிறது. கடவுளே, நல்லா இருக்கு என்று வாய்விட்டே சொல்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் அவள் பின்னால் வரக் கொடுத்துவைத்திருந்தேன், போதும். நான் இங்கேயே நின்றுகொள்கிறேன்.

இனி அவள் உங்கள் பொறுப்பு. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கவிடுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஏதோ வேலை வந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்துவிடுவாள்.