ஒன்பதாம் கிணற்றுத் தண்ணீர்

மீத்தேன் வாயுவுக்காகத் தோண்டிய ஒன்பதாம் கிணற்றில் ஏழு மாதமாகத் தண்ணீர்தான் வந்தது. வாயு வரவில்லை.

அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தவள் கல்லக்கா. நிலவியலாளர். எந்நேரமும் கையில் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருப்பாள் என்று துளையிடும் ஆட்கள் வைத்த பெயர். வேலை முடிந்ததும் அவர்கள் எந்திரத்தோடு போய்விட்டார்கள். மிஞ்சியது அவளும், பம்பைப் பார்த்துக்கொள்வதால் ‘மோட்டார்’ என்று பெயரெடுத்தவரும், இரண்டு தகரக் கொட்டகைகளும்தான். மோட்டார் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மனிதர்களைவிடப் பம்போடு அதிகம் பேசுவார். அதுவாவது பதிலுக்கு முனகுகிறதே என்பார்.

அவள் கணவனைப் பிரிந்து ஐந்து வருஷம். கல்லூரி விடுதியிலிருக்கும் மகள் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் பம்புச் சத்தம்தான் துணை.

தண்ணீர் வருவதில் தப்பில்லை. நிலக்கரியின் நுண்துளைகளில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அங்கே பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். இறைக்க இறைக்க அழுத்தம் குறைந்து, வாயு பிடியை விட்டு, கரியின் விரிசல்கள் வழியே கிணற்றுக்கு வரும். மிஞ்சிப்போனால் ஐந்து மாதம் என்று அவள் அறிக்கையில் எழுதியிருந்தாள். வாயு வந்ததா என்று மேலாளர் போனில் கேட்பதும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் சொல்வதும் வாடிக்கையாகிவிட்டது.

ஒரு காலையில் மோட்டார் குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: “முன்னெல்லாம் இந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாதுக்கா, அவ்வளவு கரிப்பு. இப்ப சப்புன்னு இருக்கு.”

அவளும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஆழத்தில் காலங்காலமாய் அடைபட்ட தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். உப்பு குறைகிறதென்றால், மேலேயிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிறது. ஆய்வகம் அனுப்பிய தாள்களை எடுத்துப் பார்த்தாள். மாதாமாதம் உப்பு குறைந்துகொண்டே வந்திருந்தது. பார்க்காமலே கோப்பில் செருகியிருந்தாள்.

துளையிலிருந்து எடுத்த பாறை மாதிரிகள் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முப்பத்தோராவதில் நொறுங்கிய கரி. துளையிடும்போது உடைந்தது என்று அவள் கையெழுத்திலேயே சீட்டு. ஒரு துண்டைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மெருகேறிய முகம், அதில் ஒரே திசையில் கீறல்கள். எந்திரம் உடைத்தால் இப்படி வழவழப்பாகாது. பாறையும் பாறையும் உரசி நகர்ந்த பிளவு அது. மூடிபோல் மேலே கிடந்த களிப்பாறையையும் அறுத்துப்போயிருக்கிறது. வாயு எப்போதோ அந்த வழியாகத் தப்பிவிட்டது; இப்போது அதே வழியில் தண்ணீர் இறங்குகிறது. ஆயுசுக்கும் இறைத்தாலும் அழுத்தம் குறையாது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மகள் வகுப்பில் இருப்பாள். கடைசியில் மோட்டாரிடம் போனாள்.

“தப்பு என்மேலதாண்ணே. கிணத்த மூடச் சொல்லப் போறேன். உங்க வேலையும் போயிடும்.”

அவர் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெட்டியா ஓடுற பம்பப் பாத்துக்கறதும் ஒரு வேலையா? சொல்லிடுங்க.”

கரியில் சத்தில்லை என்று எழுதிவிடுங்களேன், யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள் என்றார் மேலாளர். அவள் நடந்ததை நடந்தபடியே எழுதினாள். கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் அதே கரி இருக்கிறது, பிளவு இல்லை, மேல்மூடி முழுசாக இருக்கிறது, அங்கே தோண்டுங்கள் என்றும் சேர்த்தாள்.

அப்படியே தோண்டினார்கள், வேறொரு நிலவியலாளரை வைத்து. மோட்டாரைப் புதுப் பம்புக்கு அனுப்பினார்கள். அவளை நகரத்துக் கிடங்கில் மாதிரிகளுக்கு எண் போட உட்காரவைத்தார்கள். அவள் வாதாடவில்லை. அங்கே யாருக்கும் அவள் கல்லக்கா இல்லை.

புதுப் பம்பு ஓடத் தொடங்கிய நான்காவது மாதம், ஒரு புதன்கிழமை மதியம் மோட்டார் கூப்பிட்டார். “அக்கா, வருது.”

போனைக் குழாயருகே பிடித்தார். சீறல் கேட்டது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வைத்ததும் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மகளை அழைத்தாள்.

“என்னம்மா, இன்னிக்குக் கூப்பிடறே? ஒடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். நான் சொன்ன எடத்துல வாயு வந்துருச்சு.”

“அது நல்லதாம்மா?”

“ரொம்ப நல்லது.”

மகள் அடுத்த வகுப்புக்குப் போகவேண்டும் என்றும் ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகவும் சொன்னாள். கல்லக்கா சரியென்று வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடும் இடத்துக்குப் படியிறங்கினாள்.