பத்து எண்ணுவதற்குள்

1

பயத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘நான் துருவோட அக்கா. அவன் கடைசியா பாடினது உங்ககிட்ட கேசட்டுல இருக்காமே. நாலு மணிக்கு வரேன்.’ இப்போது மணி இரண்டே கால்.

துரு என்பது பட்டப்பெயர். பங்க் ராக் பாடகன். கிதாரில் மூன்றே கார்டு, இரண்டு நிமிடப் பாட்டு, தொண்டை கிழியக் கத்தல். அவன் கத்தினால் என் முதலாளியை நானே திட்டித் தீர்த்த மாதிரி வயிறு குளிரும். நான் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பவன். பதினொரு வருடமாக அவன் மேடை ஒன்றையும் விட்டதில்லை. எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். போன மாதம் மேடையிலேயே செத்துப்போனான்.

2

முதல் தொடக்கம்: ‘விழுந்த கணத்திலேயே அவன் உயிர் —’

(அடித்துவிட்டேன். அக்காவிடம் எல்லோரும் சொல்லிவைத்த பொய் இது.)

இரண்டாவது தொடக்கத்துக்கு முன்னால் எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்ததும் துரு மேடையில் தடாலென்று விழுவான். நாங்கள் பத்து எண்ணுவோம். எண்ணுக்கு ஒரு அடி டிரம்மர் அடிப்பார். பத்தில் துள்ளி எழுந்து இன்னொரு பாட்டுப் பாடுவான். அதற்குள் அவனைத் தொடக்கூடாது. தொட்டவனைப் புதுசு என்று கேலி செய்தே ஓட்டிவிடுவோம்.

இப்போது இரண்டாவது தொடக்கம்: ‘அன்று கச்சேரி நடந்த டயர் குடோனில் துரு இரண்டாவது பாட்டின் நடுவிலேயே விழுந்தான். முன்வரிசையில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் எண்ண ஆரம்பித்தான். கூட்டமே சேர்ந்து எண்ணியது. பத்து ஆயிற்று, எழவில்லை. இன்றைக்கு ரொம்பத்தான் நடிக்கிறான் என்று சிரித்தோம். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். மூன்றாவது பத்தில் டிரம்மர் அடிப்பதை விட்டுவிட்டு எழுந்தார். “உக்காருய்யா, இன்னும் பத்து வரல!” என்று சிவப்புச் சட்டை அதட்டினான். அவரும் உட்கார்ந்துவிட்டார். ஏழு பத்து ஆகும்வரை யாரும் மேடை ஏறவில்லை.’*

இந்தச் சிவப்புச் சட்டைக்காரன் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவனுக்கு ஏன் என் உயரம்? அவன் கையில் ஏன் ஒரு ரெக்கார்டர்?

சரி. அப்படி ஒருவன் இல்லை. எண்ணியது நான். அதட்டியதும் நான்.

* ‘கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே’ என்றாராம் டாக்டர். டிரம்மர் இதை என்னிடம் மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

3

நாலு மணிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முடிவுகள்:

அ) அழித்துவிடலாம். மூன்று நிமிடம் ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் போதும், பாட்டு மட்டும் மிஞ்சும். விரலை வைத்தும் பார்த்தேன். ஆனால் மைக் அவன் வாயருகே விழுந்து கிடந்தது. இரண்டாவது பத்துவரை ஸ்பீக்கரில் அவன் மூச்சு கேட்கிறது. அதை அழிக்க நான் யார்?

ஆ) டேப் அறுந்துவிட்டது என்று சொல்லலாம். ஊரார் வீட்டு மிக்ஸியெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் அறுந்த டேப்பா? கேட்டால் நாயும் சிரிக்கும்.

இ) உண்மையை முன்கூட்டியே நானே —

அழைப்புமணி. மணி மூன்றரைதான் ஆகிறது.

4

துருவின் அக்காதான். பள்ளி வேன் ஓட்டுகிறவராம். பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட இன்னும் நேரமிருக்கிறது என்று சீக்கிரமே வந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் குரலைக் கேட்டுவிட்டு அப்புறம் கேசட்டையும் கேட்டால் தீர்ந்தது கதை. இதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘தொண்டை கட்டிவிட்டது’ என்று எழுதிக் காட்டினேன்.

“அவன் கூட்டம்தானே, கத்தாம இருப்பீங்களா? வெந்நீர் குடிங்க தம்பி” என்றார்.

அந்த அக்கறையில் எனக்குக் கூசியது.

“சின்ன வயசுல கோவம் வந்தா அப்படியே தரையில படுத்துப்பான். நான் பத்து எண்ணுவேன். ஒம்பதுல எந்திரிச்சிருவான். பத்து சொல்ல ஒருநாளும் விட்டதில்ல.” ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “விழுந்ததும் போயிட்டான்னு சொல்றாங்க. நிஜமா தம்பி?”

‘ஆமாம்’ என்று எழுத மூன்றெழுத்துதான். பேனா அசையவில்லை.

“சரி, போடுங்க.”

போட்டேன். துரு கத்தினான். அக்கா முகம் மலர்ந்தது. பிறகு தொப்பென்ற சத்தம். பிறகு ‘ஒண்ணு’ என்றது என் குரல். அவர் உதடுகளும் சேர்ந்து எண்ணின, ஒன்பதில் நின்றன. கேசட் நிற்கவில்லை. இரண்டாவது பத்தில் குனிந்து அந்த மூச்சைக் கேட்டார். மூன்றாவது பத்தில் ‘உக்காருய்யா’ வந்ததும் அவரே கை நீட்டி நிறுத்தினார்.

“யாரு இது?”

குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன், இதோ, இந்த வரியை. அவர் நோட்டின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார்.

“எழுத வேணாம் தம்பி. வாயத் திறந்து சொல்லுங்க.”

பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் வெளியே வரப்போவது அதே குரல். நீங்கள் எனக்காகப் பதில் சொல்லிவிடலாம், உங்கள் குரலை அவர் கேட்டதில்லை. எனக்கு அந்த வசதி இல்லை.

“பத்து எண்ணுவேன்” என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. தரையில் படுத்திருக்கும் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்கிறார்.

ஐந்து வரை வந்துவிட்டார். ஆறு. நோட்டு என் கையைவிட்டு நழுவுகிறது. ஏழு.

பேனாவை வைக்கிறேன். மீதி மூன்றை நீங்கள் எண்ணுங்கள்.