முழு மதிப்பெண்

எங்கள் மருத்துவக் கல்லூரியின் செய்முறைத் தேர்வில் மாணவர் என்ன நோய் சொல்கிறாரோ, அது மதிப்பெண் போட்டதும் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வந்துவிடும். முழு மதிப்பெண் என்றால் முழு நோய். பாதி என்றால் பாதி. நான் அங்கே தேர்வு நோயாளியாக வேலை பார்க்கிறேன். பெயர் ஞானதிரவியம்.

கட்டிலில் ஏறும்போது உடம்பில் எந்த நோயும் இருக்கக் கூடாது, வந்தது குணமானால்தான் அடுத்த தேர்வும் கூலியும் என்பது விதி. அதனால் படிக்காத பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். போன தேர்வில் ஒரு பையன் திக்கித் திணறிப் பொன்னுக்குவீங்கி என்றான். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எனக்கும் இடது கன்னம் மட்டும் வீங்கியது. அதோடு விட்டானா? மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வலது கன்னமும் வீங்கியது. பையன் தேறிவிட்டான் என்று என் மனைவி எஸ்தரிடம் சொன்னேன்.

அது குணமானதும் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை வந்தவள் இன்பஜோதி. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே வந்தாள். இது படித்த பிள்ளை. இந்த மாதிரிப் பிள்ளைகள் வாயில் சின்ன நோய் வராது. வந்தால் ஆளைக் கொண்டுபோகிற நோயாகத்தான் வரும்.

"என்ன பண்ணுது, ஐயா?" என்றாள்.

கேள்வியிலேயே ஏதோ சூது இருந்தது. ஒன்றுமில்லை என்று சொன்னால் அதற்கும் அவர்கள் புத்தகத்தில் ஒரு நோய் இருக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நாடி பார்த்தாள். அக்குளில் ஓர் எலுமிச்சம்பழத்தை இறுக்கி வைத்திருந்தேன், நாடி நின்றது. மூச்சை அடக்கினேன். டார்ச் அடித்தபோது இமைக்கவில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். என் இதயமும் நிலைமை தெரிந்து சத்தம் காட்டாமல் இருந்தது. என்னிடமிருந்து அவளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவள் வெளியூர்த் தேர்வாளர் டாக்டர் வேதமாணிக்கத்திடம் திரும்பினாள்.

"சார், இவர் இறந்துட்டார்."

"எப்படிச் சொல்றே?"

வரிசையாகச் சொன்னாள். ஒன்றும் தப்பில்லை. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், அவளையும் பார்த்தார், முழு மதிப்பெண் போட்டார். என் கால் விரல்களிலிருந்து குளிர் ஏறியது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது என்ன நியாயம் என்று கேட்பதற்காகத் தலையைத் தூக்கினேன்.

"பெரியவரே, நீங்க எந்திரிச்சா இந்தப் பொண்ணுக்கு மார்க் போயிடும்" என்றார் டாக்டர்.

மதியச் சாப்பாட்டோடு எஸ்தர் வாசலில் நின்றிருந்தாள். எனக்காக அவள் சண்டை போடுவாள் என்று நம்பினேன். அவள் இன்பஜோதியின் கருவளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுங்க" என்றாள் என்னிடம். "ராப்பகலா முழிச்சுப் படிச்ச பிள்ளை."

படுத்துக்கொண்டேன்.

சாயங்காலமே உடற்கூறியல் துறைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எஸ்தர் கூடவே வந்து, புது மேசையில் எனக்கு இடப்பக்கமாகச் சாப்பாட்டுத் தூக்கை வைத்தாள். அங்கிருந்த ஊழியர் அதை எடுத்து வலப்பக்கம் வைத்தார். இடப்பக்கத்தை நாளைக்குக் காலையில் அறுக்கிறார்களாம்.