தைலம்மை லண்டனில் பூ வைத்த நாள்

1

இந்தக் கதை என் மனசில் உதித்ததல்ல, கட்டளையாக வந்தது. பினாங்கு ஸ்திரீட்டில் ஓர் அச்சுக்கூடத்தில் நான் பிழை திருத்துகிறவன். பத்திரிகையில் இடம் மிஞ்சுகிற வாரங்களில் கதையும் எழுதுவேன். கார்த்திகைக் கடைசியில் ஆசிரியர் சிதம்பரநாதன் அண்ணன் கூப்பிட்டார்.

"கிறிஸ்துமஸ் வருதுலா. ஐரோப்பாவுல ஒரு தலைநகரம், ஒரு நாள் உல்லாசப் பயணம். வெளக்கு, கடைத்தெரு, பனி. படிக்கிறவனுக்கு ஜில்லுன்னு இருக்கணும்."

"நான் எதிர்க்கரை பட்டர்வொர்த்தையே தாண்டினதில்லையேண்ணே."

"போனவன் எழுதினா சாப்பாடு சரியில்லன்னுதான் எழுதுவான். நீ எழுது."

ஆயர் ஈத்தாமில் என் பக்கத்து வீட்டுக்காரர் தைலம்மை அக்கா. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் ஆயாவாக இருந்தவர். அவர்கள் விடுமுறையில் சீமைக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவரையும் கப்பலேற்றினார்கள். ஒரு குளிர்காலத்தில் லண்டனுக்கு வெளியே அவர்கள் வீட்டில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் லண்டனைச் சுற்றிப் பார்த்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்துக்கொண்டு நான் வேலியோரம் போய் நின்றேன். நின்றது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. தப்பில்லை என்றும் தோன்றுகிறது. [இரண்டில் ஒன்றை அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிட வேண்டும்.]

2

முதல் தொடக்கம்: "வெண்பனி மல்லிகை மாரியாய்ச் சொரிய, லண்டன் மாநகரம் புதுமணப் பெண்போல..."

இவ்வளவு எழுதியதும் படித்துக் காட்டினேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"பனியெல்லாம் இல்ல தம்பி. தூறலு. கரிப்பொக. மூக்கத் தொடச்சா துணியெல்லாம் கறுப்பு."

இரண்டாம் தொடக்கம்: "அன்று லண்டனில் தூறிக்கொண்டிருந்தது. தைலம்மை மூக்கைத் துடைத்தாள்." இது உண்மைதான். ஆனால் சிதம்பரநாதன் அண்ணன் என் மூக்கை உடைப்பார்.

மூன்றாம் தொடக்கம்: "அன்று காலை தைலம்மை சுமங்கலியாக ரயிலேறினாள். அப்போது அவள் புருஷன்..."

இங்கே பேனா நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். மீதியை உங்களிடம் நேராகச் சொல்கிறேன். அக்காவின் புருஷன் அய்யாக்கண்ணு இங்கே துறைமுகத்தில் தொங்காங் படகுகளில் சரக்கு இறக்குகிறவர். மனைவி சீமையில் இருந்தபோது விஷக்காய்ச்சல் கண்டு இறந்துபோனார். துரையின் பினாங்கு ஆபீஸ்காரர்கள் தந்தி அடித்தார்கள். அது போய்ச் சேர்ந்தது லண்டன் பயணத்துக்கு முந்தின நாள். துரையும் மேமும் படித்தார்கள். கிறிஸ்துமஸ் கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தார்கள். தைலம்மைக்கு ஒன்றும் தெரியாது.

இதைக் கடைசிவரை மறைத்து வைத்துப் பட்டென்று உடைக்கும் வித்தை எனக்கும் தெரியும். அந்த வித்தையைத்தான் மேம் செய்தாள். எனக்கு வேண்டாம். உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

மேம் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும், அழுகிற ஆயா பயன்படமாட்டாள், அதனால் மறைத்தாள் என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அக்கா கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா நல்லவங்க தம்பி. அதக் கெடுக்காதீங்க. கெட்டவங்க செஞ்சிருந்தா ஒரு சாபத்த விட்டுட்டு நான் தூங்கியிருப்பேன்லா. நல்லவங்க செஞ்சதுனாலதான் இன்னும் ஆறல."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.* ஒருவேளை, 'பாவம், ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும்' என்று மேம் நினைத்திருக்கலாம். பண்டிகை கெட வேண்டாம் என்று தன் பிள்ளைகளுக்காகவும் நினைத்திருக்கலாம். மனிதர்கள் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகச் செய்வது கதைகளில்தான்.

(* கிழித்தது உண்மை. ஆனால் அதில் இரண்டு நல்ல வாக்கியங்கள் இருந்தன. அவற்றுக்காக இன்னும் வருத்தப்படுகிறேன். எழுதுகிறவனின் துக்கம் எவ்வளவு அற்பமானது என்று பாருங்கள்.)

4

ஆக, அந்த நாள்.

சேலைக்கு மேல் மேமின் பழைய கம்பளிக் கோட்டு. காலில் துரையின் காலுறை, அதற்கு மேல் பெரிய சப்பாத்து. நெற்றியில் பினாங்கிலிருந்து கொண்டுபோன குங்குமம். ரயிலில் எதிரே இருந்த கிழவர் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டு வந்தாராம். காயம்பட்டிருக்கிறது என்று நினைத்துத் தன் கைக்குட்டையை நீட்டினாராம். அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

லண்டனில் இறங்கியதும் பெரிய கடைகளின் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே பொம்மைகள் தாமாகவே தலையாட்டின, மேளம் அடித்தன. மாடி வைத்த மோட்டார் பஸ்கள். தெருமுனையில் பித்தளை வாத்தியக்காரர்கள் தூறலில் நனைந்துகொண்டு வாசித்தார்கள். ஒருவன் தள்ளுவண்டியில் ஏதோ வறுத்தான். வாசனை வந்ததும் அக்கா நின்றுவிட்டார். பெராங்கான் கொட்டை! பினாங்கில் சீனன் கருமணலில் போட்டு வறுப்பானே, அதேதான்.

"மேம், இது நம்ம ஊர் சாமான்லா!" என்று கத்தினாராம். அக்காவுக்கும் மேமுக்கும் நடுவில் பேச்சு மலாயில்தான். லண்டன் கடைத்தெரு நடுவில் ஒரு வெள்ளைக்காரியும் ஒரு தமிழச்சியும் மலாய் பேசிக்கொண்டு போனதைச் சிதம்பரநாதன் அண்ணன் நம்பமாட்டார். நீங்கள் நம்புங்கள்.

மேம் அன்று கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். பிள்ளைகள் சண்டை போடவில்லை. சின்னவள் ஆயாவின் விரலை விடவே இல்லை. அக்கா இதையெல்லாம் பண்டிகையின் குணம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு துணிக்கடையில் மட்டும் தகராறு. அய்யாக்கண்ணு விடிகாலையில் கடலுக்குப் போகிறவர். ஈரக்காற்றில் இருமுவார். அவருக்கென்று நீலத்தில் ஒரு கம்பளிக் கழுத்துத்துண்டை அக்கா எடுத்தார்.

"ஜாங்ஙான், ஆயா" என்றாள் மேம். வேண்டாம், வாங்காதே.

"எங்க வீட்டுக்காரருக்கு மேம்."

"பினாங்குல குளிரே இல்லையே."

"கடல் மேல இருக்கும் மேம். ஒங்களுக்குத் தெரியாது."

மேம் மறுபடியும் வேண்டாம் என்றாள். குரல் ஏறிவிட்டது. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் சொந்தக் காசு, என் சொந்தப் புருஷன் என்று அந்தத் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டார். கடைக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேம் வாய் திறந்தாள்.

[இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். ஒரு முழு மாலை இந்த வாக்கியத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். அவளைச் சொல்ல வைக்க எனக்கு ஒரு சொட்டு மைதான் செலவு.]

வாய் மூடிக்கொண்டது. அக்கா காசை எண்ணி வைத்தார்.

5

பூ.

வெளியே வந்ததும் மேம் எதிர்ச்சாரியில் கூடை வைத்திருந்த பூக்காரியிடம் ஓடினாள். வெள்ளைச் சாமந்திக் கொத்து ஒன்றை வாங்கிவந்து அக்காவின் கையில் திணித்தாள். முகத்தைப் பார்க்காமல் திணித்தாள். அவர்கள் ஊரில் துக்க வீட்டுக்கும் பூ கொடுப்பார்களாம். சொல்ல முடியாத சேதியை அவள் பூவாகக் கொடுத்துவிட்டாள் என்று நான் நினைக்கிறேன்.

தைலம்மைக்கு அது தெரியுமா? பூ என்றால் தலைக்குத்தானே. வெள்ளிக்கிழமைதோறும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் அய்யாக்கண்ணு பூ வாங்கி வாழையிலையில் சுற்றிக்கொண்டு வருவார். கப்பலேறியதிலிருந்து அக்காவுக்குப் பூவே இல்லை. கொத்திலிருந்து இரண்டு பூவைக் கிள்ளினார். கோட்டுத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கொண்டையில் செருகிக்கொண்டார். கண்ணாடி ஜன்னலில் தன்னைப் பார்த்தார். பின்னால் விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கா மேம்?"

மேம் நடுத்தெருவில் அழுதுவிட்டாள். அக்கா பதறிப்போய்த் தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தார். பண்டிகை நேரத்தில் செத்துப்போன அம்மா நினைவு வந்திருக்கும் என்று நினைத்தாராம்.

"அழாதீங்க மேம். நல்ல நாளும் அதுவுமா."

தைலம்மை மேமைத் தேற்றினாள். இந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்து எழுதிப் பார்த்தேன். வேறு எப்படியும் வரவில்லை. அவ்வளவுதான்.

6

கிறிஸ்துமஸ் கழிந்து மேம் சொன்னாள். அடுத்த கப்பலில் அக்கா திரும்பினார். நாத்தனார் லெட்சுமி வெள்ளைச் சேலையோடு கப்பல் ஜெட்டியில் காத்திருந்தாள். அக்காவும் சும்மா இருக்கவில்லை. துக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், சாமந்தி உட்பட.

"எங்கண்ணன் காடேறிக் கெடக்க, ஒனக்குக் கொண்டையில பூ கேட்டுச்சா?" என்றாள் லெட்சுமி. அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசவே இல்லை. இன்றுவரை இல்லை. இதே வரிசையில் மூன்றாவது வீடு அவளுடையது.

சடங்கு செய்ய வந்த பண்டாரம் ஒரு சொல் சொன்னார். நம்மவர்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். தூரதேசத்தில் இருப்பவர்களுக்குச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதான் தீட்டு. "அவ காதுல விழுகிற வரைக்கும் அவ சுமங்கலிதான் தாயி. கேட்ட நாள்தான் கணக்கு." லெட்சுமி ஒப்பவில்லை. ஊரும் பாதிதான் ஒப்பியது.

இங்கே வந்து நான் பயந்துபோனேன். எங்கள் பத்திரிகையை இந்த வரிசையில் சத்தமாக வாசிப்பார்கள். மூன்றாவது வீட்டுக்கும் கேட்கும். வேலியோரம் போனேன்.

"அக்கா, பூவ எடுத்துடவா? லெட்சுமியக்கா காதுல விழுமே."

"விழட்டும்லா. பூவ எடுத்துட்டா அப்புறம் அங்க நான் எதுக்குத் தம்பி? கடைத்தெருவ மட்டும் போட்டுக்குங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் சந்தோஷமா இருந்தேன். அதுதான் எனக்கே பொறுக்கல. அந்தப் பூவ நெனச்சாலே கூசுது. ஆனா அந்தப் பண்டாரம் சொன்னது நெசம்னா, அன்னைக்கு அவரு எனக்கு உசுரோடதான இருந்தாரு? அந்த ஒரு நாள எனக்குக் குடுங்க. கதையில எனக்குச் சேதி சொல்லாதீங்க."

7

சொன்னால் சுலபம். கதையை முடிக்க வேண்டியவன் நான்.

ஒரு முடிவு: திரும்பும் ரயிலில் சின்னவள் ஆயாவின் மடியில் படுத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். படிக்கிறவர்கள் அழுவார்கள். சிதம்பரநாதன் அண்ணன் முதுகில் தட்டுவார். அக்கா என்னிடம் இதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார், பேசவும் மாட்டார்.

இன்னொன்று: அய்யாக்கண்ணு பிழைத்துக்கொள்கிறார். நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஜெட்டியில் நிற்கிறார். இதையும் எழுதினேன். அவர் இருமவும் செய்தார். பிழை திருத்துகிறவன் கண்ணில் அது பிழை. கதைக்குள் நான் அவரைப் பிழைக்க வைத்தாலும், அந்தத் துண்டு பக்கத்து வீட்டுப் பெட்டியில் மடித்தபடி இருக்கிறதே.

மூன்றாவதாக, மற்றவர்கள் வாசிப்பதை லெட்சுமி கேட்டு மூன்றாவது வீட்டிலிருந்து எழுந்து நடந்து வந்து...

இதை முடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அது அவள் நடக்க வேண்டிய நடை.

8

ஆகையால் லண்டனிலேயே நிறுத்துகிறேன். மேம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட்டுகளைத் தேடும் சாக்கில் பிள்ளைகளோடு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டாள். அவளைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன், பாவம், அவள் சுமந்தது போதும். பித்தளை வாத்தியம் கேட்கிறது. தூறல் விட்டிருக்கிறது. தைலம்மை கடைக் கண்ணாடி ஜன்னல் ஓரம் நிற்கிறாள். ஒரு கையில் பெராங்கான் பொட்டலம், இன்னொரு கையில் நீலத் துண்டு. கொண்டையில் இரண்டு சாமந்தி. அவர் கழுத்துக்கு இது எட்டுமா என்று துண்டை விரித்து அளந்து பார்க்கிறாள்.

இப்போது அங்கே இருப்பது நீங்கள் மட்டும்தான். நான் மறைக்கவில்லை, இரண்டாம் பகுதியிலேயே சேதியை உங்களிடம் கொடுத்துவிட்டேன். அவள் தலை நிமிர்ந்து உங்களைத்தான் பார்க்கிறாள்.

"என்னலா அப்படிப் பாக்கிறீங்க? பூ நல்லா இல்லையா?"

கேட்ட நாள்தான் கணக்கு. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.