நல்ல பல்

பெர்கன் நகரின் மேட்டுத் தெருக்களில் பத்தொன்பது வருடமாகத் தபால் கொடுப்பவள் குன்வோர். அந்த வசந்தத்தில் அவளுக்கு இடது கீழ்த்தாடை வலிக்க ஆரம்பித்தது. மேடேறினால் வலிக்கும், நின்று மூச்சு வாங்கினால் விட்டுவிடும். பல் மருத்துவர் த்வெய்ட்டிடம் இதைத்தான் முதலில் சொன்னாள். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே, "வாயை நல்லாத் திறங்க" என்றார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

பிடுங்கிய இடத்து வீக்கம் வடிந்தது. வலி போகவில்லை. மறுபடியும் போனாள்.

"அப்போ பக்கத்துப் பல்லாத்தான் இருக்கும்."

"பல்லுன்னா சாப்பிடும்போதுல்ல வலிக்கணும்? எனக்குப் படியேறினாத்தான் வலிக்குது."

த்வெய்ட் சிரித்தார். "பல்லுக்குப் படி தெரியுமா, குன்வோர்? உங்க வயசுல பொம்பளைங்களுக்கு மனசு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

சுருக்கென்றது அவளுக்கு. மேலங்கியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் தபால் பையோடு ஏறும்போது தாடையோடு இடது கையும் வலித்தது. நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். "வலி எப்போ வருது, எப்போ போகுது?" என்று கேட்டாள் மருத்துவர் ரங்ன்ஃப்ரித். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பதில் பாதியில் இருக்கும்போதே ரங்ன்ஃப்ரித் எழுந்து ஈசிஜி கருவியை இழுத்து வந்தாள்.

"இது இதயம், குன்வோர். இதயத்து நரம்பும் தாடை நரம்பும் மூளைக்குப் போற வழியில ஒண்ணாச் சேருது. தாடை வலி மூளைக்குப் பழக்கம், இதய வலி பழக்கமில்ல. அதனால தாடைன்னு முடிவு பண்ணிடுது."

"மூளை தப்பாப் புரிஞ்சுக்கிச்சு, சரி. த்வெய்ட்டுக்குக் காது இருந்துச்சே, அது என்ன பண்ணிச்சு?"

ரங்ன்ஃப்ரித் தொலைபேசியை எடுத்தாள். ஆம்புலன்ஸை வரவழைத்தாள். அடைத்திருந்த ரத்தக்குழாயில் அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து குன்வோர் த்வெய்ட்டின் மருத்துவமனைக்குப் போனாள். காத்திருப்பு அறையில் நாலு பேர் இருந்தார்கள்.

"உள்ள வாங்க, பேசலாம்" என்றார் அவர்.

"இங்கேயே பேசலாம். நீங்க பிடுங்கினது நல்ல பல்லு. வலிச்சது என் இதயம். மேடேறினா வலிக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேன்."

"அதைப் பல் டாக்டர் கண்டுபிடிக்க..."

"கண்டுபிடிக்க வேணாம். வேற டாக்டரைப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எனக்கு மனசு சரியில்லன்னீங்க."

த்வெய்ட் தரையைப் பார்த்தார். "காது கொடுத்துக் கேட்டிருக்கணும்" என்றார், மெதுவாக.

இதைக் கேட்டால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஒரு உறையை அவர் கையில் வைத்தாள்.

"புகாரோட நகல். அசலை நேத்தே சுகாதாரத் துறைக்கு அனுப்பிட்டேன்."