இருபத்து மூன்றாம் மாதிரி

சர்பாணி தன் பழைய ஆய்வக நோட்டைத் தேடி எடுத்தது, ஆய்வேட்டின் தேர்வாளர் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதத்தான். அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டித் துண்டு உறைபெட்டிக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது? ஒரு வரியில் முடிகிற வேலை. அதை எழுதிவிட்டால் திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவள், நாலு மணியாகியும் சாப்பிடவில்லை.

ஐந்து வருட உழைப்பு. நாற்பத்தோரு மூளைக்கட்டிகள், ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் மரபணுக்கள். சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குகிறவற்றைக் கோடு போட்டு இணைத்தால் திரையில் ஒரு வலை விரியும். ஒரு தெருவில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை என்று கோடு போடுகிற மாதிரிதான். எந்த வீட்டு வாசலில் அதிகக் கோடு வந்து சேருகிறதோ, அந்த வீட்டுக்காரர் சொல்தான் தெருவில் எடுபடும். அப்படி ஒரு மரபணு சர்பாணிக்குக் கிடைத்தது. வலையின் நடுவில் அவ்வளவு பெரிய புள்ளி. ஆய்வகத்தில் அதற்குப் பெரியண்ணன் என்று பெயர் வைத்தார்கள். கொல்கத்தாப் பத்திரிகை ஒன்றில்கூடச் செய்தி வந்தது.

கட்டிகள் நகரின் வடகோடியில் இருந்த மருத்துவமனையிலிருந்து வந்தவை. எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. புகை கக்கும் அந்தக் கேனைப் பார்த்தாலே டாக்சிக்காரர்கள் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் தெர்மகோல் பெட்டி, ஐஸ், அவள் மடி. சாதாரண நாளில் நாற்பது நிமிடம். துர்கா பூஜை வாரத்தில் பந்தல் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நோயில்லாத திசுக்களோ பக்கத்துக் கட்டடத்திலிருந்து பத்தே நிமிடத்தில் வந்தவை. நேரத்தையெல்லாம் ஒழுங்காக நோட்டில் குறித்தவள், அதை ஒருநாளும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று சேர்த்தாள். நேரம் கூடக் கூடப் பெரியண்ணனும் ஏறியிருந்தான். ரத்தம் நின்றுபோன திசு தவிக்கும்போது எழுகிற மரபணு அது. டாக்சியில் செத்துக்கொண்டிருந்த திசுவின் தவிப்பைத்தான் இத்தனை நாளும் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியிருக்கிறாள்.

வழிகாட்டியான லாஹிரி சார் மண்கோப்பையில் டீயோடு வந்து பின்னால் நின்றார். திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேரத்தோட பாதிப்பக் கழிச்சுட்டு வலையப் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் சார். பெரியண்ணன் ஆளையே காணோம்."

"நல்ல நேரம் பாத்து தோண்டின போ." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "இந்த நோட்டு வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"இல்ல சார். இது ஒண்ணுதான்."

"சராசரி ஒண்ணேகால் மணி நேரம்னு எழுதினா அது பொய்யில்ல. அவர் கேட்டதும் அவ்வளவுதான்."

"சார்..."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. உனக்கு இன்னொரு அஞ்சு வருஷம் குடுக்க என்கிட்ட எதுவும் இல்ல. யோசிச்சுக்க."

டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போனார். சர்பாணிக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன்மேல் வந்தது. அவர் சொல்வதற்கு முன்பே அந்தச் சராசரி வரியை அவள் தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

"உள்ள வரலாமா மா?"

வாசலில் ஹராதன் சமாத்தார். கையில் பழுப்பு உறை. இருபத்து மூன்றாம் மாதிரி அவர் மனைவி பூரபியுடையது. சம்மதக் கையெழுத்தை வாங்கியவளே சர்பாணிதான். "என்ன கிடைச்சாலும் எங்கிட்ட சொல்லணும் மா" என்ற ஒரே நிபந்தனையோடு போட்டுக்கொடுத்தார். துர்கா பூஜையின் சஷ்டியன்று எடுத்த துண்டு. வந்து சேர மூன்று மணி நேரம் பத்து நிமிடம். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியண்ணன் உச்சத்தில் இருந்தது அதில்தான். அடுத்து வந்த ஃபால்குன் மாதத்தில் பூரபி போய்விட்டாள்.

"வாங்க மேஷோமஷாய்." சித்தப்பா முறை வைத்து அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வருஷத் திதிக்கு கார்டு அடிக்கிறோம். ஆறு மணிக்கு அச்சுக்காரன் பூட்டிட்டுப் போயிருவான். எழுதினது சரியான்னு மட்டும் பாத்துக் குடு, போதும்."

பூரபியின் பெயருக்குக் கீழே வங்காளத்தில் இருந்தது: தன் கட்டியின் ஒரு துண்டைத் தந்து, அந்நோயை ஆட்டிவைக்கும் மரபணுவைக் காட்டிச் சென்றவள்.

"பையன் சிரிக்கிறான். திதி கார்டுல எதுக்கு விஞ்ஞானம்ங்கறான். அவனுக்கென்ன, டெல்லில இருந்தான். கடைசில அவ என் பேரையே மறந்துட்டா மா. அத்தன பாடும் வீணாப் போகலன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்."

'சரி' என்று ஒரு வார்த்தை. சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை; இவருக்கு நிம்மதி, அவளுக்குப் பட்டம். ஆனால் இதே மரபணுவை நம்பி எங்கோ ஒருத்தி இன்னும் ஐந்து வருடத்தைக் கொட்டுவாள். எங்கோ ஒருவர் இவரைப் போலவே காத்திருப்பார். சர்பாணி அந்தச் சராசரி வரியை அழித்தாள். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். நேரத்தைக் கழித்துப் போட்ட புது வலை. சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரிந்து கிடந்தது. அவள் சொல்லச் சொல்லச் சமாத்தார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்ன புரிந்தது என்று முகத்தில் தெரியவில்லை. முடித்ததும் சட்டைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்தார்.

"சரி மா. இதுல என் பூரபி குடுத்தது எது?"

சர்பாணி விரலைத் திரைக்குக் கொண்டுபோனாள். நடுவில் வெறும் வெள்ளை. அவர் கண்ணாடியை மூக்கோடு அழுத்திக்கொண்டு, அந்த விரல் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க முன்னால் குனிந்தார்.